குகைத் தாளில் பச்சை எதுவரை?

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஞாயிறுதோறும் வரும் பிள்ளைகளுக்குக் குகைப் புதிர்களையும் வண்ணம் தீட்டும் தாள்களையும் நானே வரைந்து கொடுக்கிறேன். கடையில் கிடைக்கும் புத்தகங்களில் குகை என்றால் ஒரு கறுப்பு ஓட்டை, புதையல் பெட்டி, நாலு வௌவால். வழியைக் கண்டுபிடித்து முடித்த பிள்ளை குகையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே எழுந்துவிடும். குகையின் இயல்பிலிருந்தே புதிர் பிறக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எனக்கு மாதிரி ஆந்திரத்தின் பேலம் குகை. 3 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய வழிகள் அவை. ஆகவே ஸ்கேல் வைத்துக் கோடு போடாதீர்கள். பாதை ஓரிடத்தில் கூடமாக விரியட்டும், அடுத்த வளைவில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒடுங்கட்டும். கடைசியில் புதையலும் வேண்டாம். என் தாளில் பிள்ளைகள் தேடிப் போவது பாதாளகங்கையை. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரோட்டம் அது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் புதிர் முடிந்துவிடக் கூடாது; வெளியே வரவும் வேண்டும். குகைக்குள் இறங்கிப் பழகியவர்கள், வழி பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை திரும்பிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார்கள். போகும்போது கண்ட இடம் வரும்போது வேறு மாதிரி தெரியும். அதனால் உள்ளே போவது விரலால் மட்டும், பிரிவுகளில் ஒரு புள்ளி வைக்கலாம் என்று வைத்திருக்கிறேன். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி, பென்சிலால் வெளியேற வேண்டும். ஒரு சிறுமி புள்ளிகளையெல்லாம் முச்சந்தி நடுவிலேயே வைத்திருந்தாள். திரும்புகையில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவித்தாள். சற்று நேரம் தாளையே பார்த்தவள், அடுத்த தாளில் புள்ளிகளை வந்த வழியின் வாயை ஒட்டி வைத்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது ரொம்ப முக்கியம்.

வண்ணம் தீட்டும் தாளில் ஒரே நிபந்தனை: வெயில் எட்டும் தூரம் வரைதான் பச்சை. வாசலில் செடி கொடி, கொஞ்சம் உள்ளே பாசி, அதற்கப்பால் பச்சைக்கு வேலையே இல்லை. "உள்ள லைட் போட்டிருந்தா, அங்கயும் செடி வருமா அக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். வரும். சுற்றுலாக் குகைகளில் விளக்கை ஒட்டிப் பாசி பிடிப்பது பெரிய தொல்லை. பல்பைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டுக்கொண்டான். இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் அந்த ஞாயிறு எனக்கு நிறைந்துவிடும்.

குகைச் சுவருக்குப் பிள்ளைகளின் கை நேராகப் பிரவுன் கிரேயானுக்குப் போகும். உண்மையில் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது, கலப்பில்லாததாக இருந்தால், வெள்ளையாக இருக்கும். இரும்பு சேர்ந்தால் செம்மஞ்சள், மாங்கனீசு சேர்ந்தால் கறுப்பு. வெள்ளைத் தாளில் வெள்ளையை எப்படிக் காட்டுவது? மெழுகுவர்த்தியால் மேலிருந்து கல்விழுதையும் கீழிருந்து கல்முளையையும் அழுத்தி வரையச் சொல்லுங்கள். அதன்மேல் தண்ணீராகக் கரைத்த கறுப்பு வாட்டர் கலரை ஓட்டினால், மெழுகு பட்ட இடம் நிறம் ஏறாமல் இருட்டுக்குள்ளிருந்து வெளியே வரும். இதற்கு ஜெராக்ஸ் தாள் தாங்காது, ஊறிக் கிழிந்துவிடும்; சார்ட் பேப்பரை வெட்டிக்கொள்ளுங்கள்.

மற்றத் தாள்களுக்கு ஜெராக்ஸ் போதும். மூலப்படத்தில் பென்சில் நிழல் மட்டும் கொடுக்காதீர்கள், நகலில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். கறுப்புப் பேனாவால் தடித்த கோடு போடுங்கள், பாதை ஒரு விரல் அகலமாவது இருக்கட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழிப்புதிரே வேண்டாம். மெழுகுத் தாளும் பிரஷ்ஷும் கொடுத்துவிட்டுத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள்.