பனியில் பனையைப் படம் பிடிப்போம்!



மார்கழி, தை மாதங்களில் சில நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஏரிக்கரையே காணாமல் போயிருக்கும். "ஒன்னுமே தெரியலையே, இதுல என்ன போட்டோ எடுக்கறது?" என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் பனைமரத்தைப் படம் எடுக்க இதுதான் நல்ல நேரம். எப்படி என்று பார்ப்போம்.

மூடுபனி எப்படி வருகிறது?

மேகம் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிரும். அதிலுள்ள நீராவி மிகச் சிறிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கும். இதனால் 1000 மீட்டருக்கு அப்பால் உள்ளவை தெரியாமல் போனால் அதை மூடுபனி என்கிறோம். ஆகவே மண் ஈரமாக இருந்து, ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அடிக்கவில்லை என்றால், மறுநாள் பனி விழும் என்று எதிர்பார்க்கலாம்.

பனியில் மரம் ஏன் அழகாகத் தெரிகிறது?

இந்தத் துளிகள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் மூடுபனி வெள்ளையாகத் தெரிகிறது. நமக்கும் மரத்துக்கும் நடுவில் துளிகள் கூடக்கூட மரம் வெளுத்துப் போகும். பக்கத்துப் பனை கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அடுத்தது நிழல் மாதிரி. எது கிட்டே, எது தூரம் என்று படத்திலேயே தெரியும்.

பக்கத்தில் ஒட்டியுள்ள இரண்டு படங்களையும் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று என் சித்தப்பாவின் செல்போனில் எடுத்தேன். 9 மணிக்கு எடுத்ததில் பனையும், பின்னால் இருக்கும் சீமைக்கருவேலமும், கரண்டு கம்பமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 6.45க்கு எடுத்ததில் ஒவ்வொரு பனையும் தனித்தனியாக நிற்கிறது.

எடுக்கும் முறை

1. சூரியன் உதிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறித் தரை சூடானதும் பனி கலைந்துவிடும்.

2. ஃபிளாஷ் போடக் கூடாது. நாங்கள் போட்டும் போடாமலும் எடுத்துப் பார்த்தோம். போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு நம்மிடமே திரும்பி வருகிறது. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்தான்!

3. வெறும் பனியைக் காட்டினால் கேமரா எதைத் தெளிவாக்குவது என்று தடுமாறும். கிட்டே உள்ள மரத்தின் ஓரத்தைத் திரையில் தொடுங்கள்.

4. இதுதான் முக்கியம். வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று நினைத்து, கேமரா வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கிவிடும். பனி வெள்ளை என்று அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். மரத்தைத் தொட்டதும் பல போன்களில் சின்னச் சூரியன் குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் பனி வெள்ளையாகும்.

5. லென்ஸில் ஈரம் படியும். பருத்தித் துணியால் அடிக்கடி மெதுவாகத் துடைக்கவும்.

எச்சரிக்கை: ரோட்டில் நின்று எடுக்காதீர்கள். பனியில் வண்டிக்காரருக்கு நம்மைத் தெரியாது. தண்ணீர் ஓரம் வழுக்கும். பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

எதற்காக எடுக்க வேண்டும்?

பனை நம் மாநில மரம். அதன் வேர்கள் கரை மண்ணைப் பிடித்து வைக்கின்றன. அது காய்க்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும், வெட்டவோ ஒரு மணி நேரம் போதும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழக வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நம் ஏரிக்கரையில் நடந்து எண்ணினேன். நிற்கும் பனை 31. வெட்டிய அடிக்கட்டை 8. "நான் சின்னப் பையனா இருந்தப்ப கரை முழுக்கப் பனைதான்" என்கிறார் தாத்தா. அதைக் காட்ட ஒரு படம்கூட இல்லை.

இனி ஒவ்வொரு மார்கழியும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கப் போகிறேன். ஒரு மரம் குறைந்தாலும் படம் சொல்லிவிடும். உங்கள் ஊர்க் கரையில் எத்தனை பனை? எண்ணி, படம் எடுத்து, அடுத்த இதழுக்குக் கொடுங்கள்.