ஸ்டாண்ட் போடுங்க... இடுப்பைக் காப்பாத்துங்க!

பைக்குக்கு டபுள் ஸ்டாண்ட் போடும்போது 'சுளீர்' என்று இடுப்பில் பிடித்துக்கொள்கிறதா? 100 சி.சி. வண்டியே சுமார் 110 கிலோ. அதைக் கையால் தூக்கப் பார்ப்பதுதான் தப்பு!

* தரை சமமாக, வழுக்காமல் இருக்கட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கணும்.

* வண்டியின் இடதுபுறம், முதுகை வளைக்காமல் ஒட்டி நில்லுங்கள். இடது கை ஹேண்டில்பாரில். வலது கை ஸீட் பக்கத்துக் கைப்பிடியில்.

* வலது காலால் ஸ்டாண்டை மிதியுங்கள். அதன் இரண்டு முனையும் தரையைத் தொட்டதும், உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்குங்கள். வண்டி பின்னால் நகர்ந்து ஏறி உட்காரும். கை, பிடித்துக்கொள்ள மட்டும்தான்!

வண்டி மறுபக்கம் சாய்ந்தால் இழுத்துப் பிடிக்காதீர்கள், விட்டுவிடுங்கள். பெயின்ட் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கினால்..?

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.