மகளிடம் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: விபத்தில் தகப்பனை இழந்த என் 15 வயது மகள் உளவளத்துணைக்குப் போகிறாள். மூன்று வாரமாகியும் ஆலோசகர் விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம், இவ்வளவுதான் பேச்சு. பயன் உண்டா?
– ஒரு தாய், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு, அம்மா. நல்ல கையில்தான் விட்டிருக்கிறீர்கள். ஆறாத புண்ணின் கட்டை அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாது. முதலில் நித்திரை சீராகட்டும். கதை, அவள் நினைக்கும்போது வரும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதும் சும்மா பேச்சல்ல. எங்கள் சனத்தின் துயரம் தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு என்றே அதிகம் வெளிப்படும். போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கண்டு எழுதியதும் இதுதான். வீட்டில் நீங்களும் உதவலாம்: தகப்பனின் திவசத்தில் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அழுதால் அழட்டும். வீடு வந்ததும் "என்ன கதைச்சனீங்கள்?" என்று மட்டும் குடையாதீர்கள். (குடையாத அம்மாவை நான் கண்டதில்லை.) ஆனால் தான் சாக வேண்டும் என்று பேசினால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.