தேர்ச்சி விழுக்காடும் வருகைப் பதிவேடும்: விருதுநகர் மாவட்டம் தரும் பாடம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் எல்லோரும் முதலில் தேடிப் பார்க்கும் மாவட்டங்களுள் விருதுநகர் ஒன்று. 2018இல் 97.05 விழுக்காடு, 2023இல் 97.85 விழுக்காடு, இரண்டு ஆண்டுகளிலும் மாநிலத்தில் முதலிடம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று சிவகாசிக்குப் பெயர் வாங்கித் தந்த தொழில்களை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றுத் தந்த இடம் அது. இதே மாவட்டம்தான் 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்திலும் இராமநாதபுரத்தோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ச்சியில் முதலிடம் பெறும் மாவட்டத்துக்கு முன்னேற்றத் திட்டம் எதற்கு என்று அப்போது ஆசிரியர் அறைகளில் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விடை தேர்வு முடிவுப் பட்டியலில் இல்லை. வகுப்பறை மேசையில் கிடக்கும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

முதலில் இந்த மண்ணின் கல்வி வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிடுவோம். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. வணிகர்கள் தங்கள் வரவிலிருந்து எடுத்து வைத்த மகமையும், வீடுகளில் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடி அரிசியும் அந்தப் பள்ளியை நடத்தின. ஒரு பிடி அரிசி எந்த வீட்டுக்கும் சுமையாக இருந்திருக்காது. ஆனால் அதைக் கொடுத்த வீடு பள்ளியைத் தன்னுடையது என்று நினைத்தது. அங்கே படித்த காமராசர், பன்னிரண்டு வயதை ஒட்டிப் படிப்பை விட்டுவிட்டு மாமாவின் கடைக்கு வேலைக்குப் போனார். இன்றைய சொல்லில் சொன்னால் அவர் ஓர் இடைநின்ற மாணவர். அந்த மாணவர் முதலமைச்சரானபின் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியதும், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாக ஊர்மக்கள் கரும்பலகையும் பெஞ்சும் கட்டடமும் கொடுத்ததும் நாம் அறிந்தவை. பிடி அரிசியை மாநிலம் முழுவதற்கும் விரித்தது போன்ற வேலை அது.

மறுபக்கம் ஒன்று உண்டு. சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் இங்கே அதைத் தொடங்கினார்கள். மழை பொய்த்தால் வேலையே இல்லாத பகுதிக்கு அது சோறு போட்டது. ஆனால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வசதி என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. 1976இல் தீப்பெட்டி ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி, இறந்தவர்களில் பலர் குழந்தைகள் என்று தெரிந்தபோதுதான் அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இடங்களுள் சிவகாசியும் ஒன்று. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அந்தக் குழந்தையின் இடத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

சட்டமும் தீர்ப்பும் ஆலை வாசலில் நின்று தடுத்தன. குழந்தையைக் கைப்பிடித்து வகுப்புக்குள் கொண்டு வந்தவர்கள் ஆசிரியர்கள். குறிப்பாகச் சிறப்புப் பயிற்சி மையங்களில் சொற்ப மதிப்பூதியத்துக்குப் பணியாற்றியவர்கள். எழுத்தே அறியாத பத்து வயதுப் பிள்ளையை ஓரிரு ஆண்டுகளில் வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைப்பது எளிய வேலையன்று. மாலையில் தெருத் தெருவாகச் சென்று, ஷிப்டு முடித்துக் களைத்து வரும் தாயிடம் பேசி, மறுநாளும் போய்ப் பேசியவர்கள் அவர்கள். மாவட்டத்தின் சாதனை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் 97.85க்கு முன்பாக இதைச் சொல்வேன். விருது பெறாத பணி என்பதால் எழுத்தில் குறைவாகவே பதிந்திருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கே கொடுக்கக்கூடிய கணக்கு இது. ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குள் 10 பேர் நின்றுவிடுகிறார்கள். தேர்வெழுதிய 90 பேரில் 88 பேர் தேர்ச்சி. விழுக்காடு 97.8, பாராட்டுவிழாவே நடத்தலாம். ஆனால் சேர்ந்த 100 பேரை வைத்துப் பார்த்தால் 88. பகுதியில் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நின்றுபோன அந்தப் பத்துப் பேர் எந்தப் பட்டியலிலும் தோல்வியாகக்கூட வருவதில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது உழைத்துப் பெற்ற எண். அதன் பக்கத்தில் இரண்டாவது எண்ணையும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எங்கே உழைக்க வேண்டும் என்பது தெரியும்.

இடைநிற்றல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்தால் வரிசை தெரியும். எங்கள் பகுதியில் எல்லா 'வ'ரவில்லைகளும் ஒரே பொருள் தருவன அல்ல. இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பிள்ளைகள் வராமல் போனால் திங்களன்று மொட்டைத் தலையோடு வந்து நிற்பார்கள்; கவலைப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒரே பிள்ளைக்கு வாரத்தில் ஓரிரு நாள் விடுபடுவது வேறு. வீட்டில் தாயும் தந்தையும் கூடுதல் நேரம் வேலைக்குப் போகிறார்கள், கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் நிற்கிறாள் என்று பொருள் கொள்ளலாம். வருகை சரியாக இருந்தும் முதல் பாடவேளையிலேயே கண் சொருகினால், நகக்கண்ணில் வெள்ளி நிறப் பொடி ஒட்டியிருந்தால், அதைப் பதிவேடு சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும். அலுமினியப் பொடி ஒரு கழுவலில் போகாது.

இந்த இடத்தில் சட்டத்தை ஆசிரியர்கள் சரியாக அறிந்திருப்பது நல்லது. 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளோரை அபாயகரமான தொழிலில் அமர்த்தக் கூடாது. வெடிபொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளி நேரம் முடிந்து குடும்பத் தொழிலில் உதவலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த விலக்கு அபாயகரமான தொழில்களுக்குப் பொருந்தாது. ஆகவே சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரவெடி பின்னினாலும், திரி செருகினாலும் விலக்கு இல்லை. பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் இது பொருந்தும். கட்டாயக் கல்வி 14 வயதோடு முடிந்துவிடுகிறது என்பதால் எட்டாம் வகுப்பு முடியும் ஏப்ரல் மாதம்தான் மிகவும் கவனிக்க வேண்டிய மாதம். உயர்நிலைப்பள்ளி பக்கத்து ஊரில் இருந்தால் இன்னும் கூடுதலாக. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், ஜூனில் எந்தப் பள்ளியில் சேர்ந்தான் என்று எமிஸ் தளத்தில் பார்த்து, சேராதவன் வீட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியையும் அழைத்துக்கொண்டு போவதால் பலன் உண்டு. நாம் சொன்னால் 'சார் சொல்றாங்க' என்று தலையாட்டும் தாய், அதே ஆலை வேனில் போய்வரும் இன்னொரு தாய் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பாள். கேள்வி வந்தால்தான் பேச்சு நடக்கும்.

காலை உணவுத் திட்டத்தின் அருமையும் இங்கே வேறு விதமாகத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. விடியுமுன் ஆலை வேன் வந்துவிடும் ஊரில், தாய் ஆக்கி வைத்துவிட்டுப் போனாலும் தட்டில் போட்டுக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசும்போது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்தை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூவில் சொன்னால், அங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே சொன்னதாகும்.

விபத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க இயலாது. 2012ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று, செப்டம்பர் 5இல், முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் பெரும் உயிரிழப்பு. இடையிலும் பின்னும் நடந்தவை பல. வெடிச்சத்தம் கேட்டதும் வகுப்பிலுள்ள பிள்ளைகள் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்ப்பதை இப்பகுதி ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த நேரத்தில் பாடத்தைத் தொடர முடியாது, தொடரவும் வேண்டாம்.

விபத்துக்குப் பின் பள்ளி செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவரின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும் 75,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். துக்க வீட்டில் யாரும் அதைத் தேடி வரமாட்டார்கள். 2024 நவம்பர் 10 அன்று விருதுநகரில் முதலமைச்சர், பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்த தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு மாவட்ட அளவில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாயில் நிதியம் அமைக்கப்படும் என்றும் அறிவித்தார். பெற்றோரை இழந்த மூத்த பிள்ளைகள் அதே ஆலைக்குள் வேலைக்குப் போய்விடுவதுதான் இதுவரை பலமுறை நடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் வகுப்பாசிரியர் ஒருமுறை வீட்டுக்குப் போய், இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, எமிஸ் எண் ஆகியவற்றைச் சரிபார்த்து விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை எந்தத் திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்புகிறது என்பதையும் அன்றே பேசி முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.