தரகர் யார் பக்கம்?

வித்துராவை அடுத்த போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் உண்டு. அங்கே ஒரு தாய் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தாள். லயத்தில்தான் வாழ்ந்தாள். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது அவள் ஆசை. சீட்டுப் பணம், மகளின் சம்பளம் எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் தரகர் வந்தார். வித்துராவில் நான்கு சென்ட் மனையைக் காட்டினார். விலை 4 லட்சம் ரூபாய் என்றார்.

"அக்கா, இன்னொருவரும் கேட்கிறார். சாயங்காலத்துக்குள் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

தாய்க்குக் கை பரபரத்தது. மகள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கமிஷன் யார் தருகிறார்கள்?"

"விற்கிறவர் தருகிறார். நீங்களும் நூற்றுக்கு இரண்டு தர வேண்டும்."

"அப்படியானால் விலையைக் குறைக்க யாருக்காகப் பேசுவீர்கள்?"

தரகர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

தரகரோடு பழக நான்கு வழிகள்

1. விற்பவரின் தரகர். அவர் மனையைக் காட்டுவார். ஆனால் விற்பவரின் லாபத்தையே பார்ப்பார். நம் கையில் எவ்வளவு பணம் உண்டு என்று அவரிடம் சொல்லக்கூடாது.

2. இரு பக்கமும் கமிஷன் வாங்கும் தரகர். வியாபாரம் முடிய வேண்டும் என்பதே அவர் அவசரம்.

3. நமக்காகத் தேடும் தரகர். நமது தேவையைச் சொல்லி நாமே அமர்த்துகிறவர். விற்பவரிடம் பணம் வாங்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

4. தரகர் இல்லாமல் நேரில் வாங்குவது. கமிஷன் மிச்சம். அலைச்சல் நமக்கு.

எந்த வழியானாலும் கமிஷன் எவ்வளவு, எப்போது, யார் தருவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பத்திரப் பதிவு முடிந்த பிறகு கமிஷன் தருவதே நல்லது.

வில்லேஜ் ஆபீஸில்

"காகிதங்களைப் பார்த்த பிறகே அட்வான்ஸ்" என்றாள் மகள். தரகர் முகம் சுளித்தார். ஆனாலும் மறுநாள் ஆதாரத்தின் நகலைக் கொண்டுவந்தார். ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். அது மலையாளத்தில் இருந்தது. மகள் வாசித்தாள். ஓரிடத்தில் 'நிலம்' என்று இருந்தது.

"நிலம்தானே வாங்குகிறோம்? சரியாகத்தானே இருக்கிறது" என்றாள் தாய்.

இருவரும் வில்லேஜ் ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே வரிப் பதிவேட்டிலும் 'நிலம்' என்றே இருந்தது. அலுவலர் விளக்கினார்.

"அம்மா, கேரளத்துப் பத்திரத்தில் நிலம் என்றால் நெல்வயல். வீட்டு மனைக்குப் புரயிடம் என்று இருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி வயலை நினைத்தபடி நிரப்பி வீடு கட்ட முடியாது."

தாய் திகைத்துப் போனாள். ஒரு சொல்லில் வாழ்நாள் சேமிப்பே முடங்கியிருக்கும்!

பார்க்க வேண்டிய காகிதங்கள்

- ஆதாரம், அதற்கு முந்தைய ஆதாரங்கள்: இடம் யார் யார் கை மாறி வந்தது என்று தெரியும்.
- வில்லங்கச் சான்று: சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அடமானம் பதிவாகியிருந்தால் தெரியும். 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது நல்லது.
- கரம் கட்டிய ரசீது: விற்பவர் பெயரில் இருக்க வேண்டும்.
- பட்டயம்: அரசு பதித்துக் கொடுத்த இடம் என்றால் விற்கத் தடை உண்டா என்று கேட்க வேண்டும். பழங்குடியினர் நிலத்தை மற்றவர்கள் வாங்கவும் சட்டத் தடை உண்டு.

பணம் கொடுக்கும்போது

அட்வான்ஸைத் தரகர் கையில் கொடுக்கக்கூடாது. விற்பவருக்கே கொடுக்க வேண்டும். 2015 முதல் இடம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகக் கொடுத்தால் சாட்சி தானே இருக்கும். ஒப்பந்தமும் எழுத வேண்டும்.

கேரளத்தில் பத்திரச் செலவு முத்திரை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 4 லட்சத்துக்கு 40,000 ரூபாய் ஆகும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரிய மனைப் பிரிவிலோ அடுக்குமாடிக் கட்டடத்திலோ வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் துணை. அங்கே விற்றுக் கொடுக்கும் தரகர் அரசு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். கேரள ஆணையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தனி ஒருவர் விற்கும் சிறு மனைக்கு இந்தச் சட்டம் வராது. அங்கே நமது கவனமே காவல்.

முடிவு

தாய் அந்த மனையை வாங்கவில்லை. தரகரைத் திட்டவும் இல்லை.

"அண்ணாச்சி, புரயிடம் என்று எழுதிய இடமாகப் பாருங்கள். நூற்றுக்கு இரண்டு நாங்கள் தருகிறோம். விற்கிறவரிடம் வாங்காதீர்கள். காகிதத்தை முதலில் காட்டுங்கள்" என்றாள்.

மகள் அதைத் தாளில் எழுதினாள். தரகர் கையெழுத்துப் போட்டார். தாயும் போட்டாள். கைநாட்டு அல்ல, கையெழுத்து.

சிந்திப்போம், பேசுவோம்

1. இரு பக்கமும் கமிஷன் வாங்கும் தரகரால் நமக்கு என்ன இழப்பு வரலாம்?
2. 'நிலம்', 'புரயிடம்': என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊரில் இடம் வாங்கி ஏமாந்தவர் உண்டா? எந்தக் காகிதத்தைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பார்?