பங்குச் சந்தையும் வட்டி விலக்கும்: வணிகவியல் வகுப்புக்கு ஒரு கணக்கு

மேல்நிலை வணிகவியல் வகுப்பில் பங்குக்கும் கடனீட்டுப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கிறோம். பத்திரம் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர்; நிறுவனம் நட்டமடைந்தாலும் அவருக்கு வட்டி தர வேண்டும். பங்குதாரர் உரிமையாளர், இலாபத்திலும் நட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியவைக்க இஸ்லாமிய நிதிக் கோட்பாடு நல்லதோர் எடுத்துக்காட்டு.

'ரிபா' எனும் வட்டி, 'கரர்' எனும் மிகுதியான நிச்சயமின்மை, 'மைசிர்' எனும் சூதாட்டம் ஆகிய மூன்றையும் அக்கோட்பாடு விலக்குகிறது. ஆகவே வட்டி தரும் கடனீட்டுப் பத்திரம் ஏற்கப்படுவதில்லை. இலாப நட்டத்தைப் பகிரும் நேர்மைப் பங்கு ஏற்கப்படுகிறது. கையில் இல்லாத பங்கை விற்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பிஸ்கட் தயாரிக்கும் நிறுவனமும் வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கலாம். அதன் பங்கை வாங்கலாமா?

மலேசியா இதற்கு அளவுகோல் வகுத்துள்ளது. அந்நாட்டுப் பத்திரங்கள் ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு, ஏற்கத்தக்க பங்குகளின் பட்டியலை 1997 முதல் வெளியிடுகிறது. ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் அது புதுப்பிக்கப்படுகிறது. மது, சூதாட்டம், வட்டித்தொழில் போன்றவற்றின் பங்களிப்பு நிறுவனத்தின் வருவாயிலும் வரிக்கு முந்தைய இலாபத்திலும் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வட்டிக்கடன் மொத்தச் சொத்தில் 33 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வட்டி தரும் வங்கிக் கணக்குகளில் உள்ள பணத்துக்கும் இதே வரம்பு உண்டு. இந்தியாவிலும் மும்பை பங்குச் சந்தையில் 2010இல் இத்தகைய பங்குகளுக்கெனத் தனிக் குறியீடு தொடங்கப்பட்டது.

வகுப்பறைச் செயல்பாடு: கற்பனை நிறுவனம் ஒன்றின் மொத்தச் சொத்து ரூ.100 கோடி, வட்டிக்கடன் ரூ.30 கோடி, வருவாய் ரூ.50 கோடி, அதில் மது விற்பனை ரூ.3 கோடி. இப்பங்கு பட்டியலில் இடம்பெறுமா? குழுக்களாகக் கணக்கிடச் செய்யுங்கள். கடன் 30 விழுக்காடு. அது வரம்புக்குள் உள்ளது. மது வருவாயோ 6 விழுக்காடு, எனவே இடம்பெறாது. மது விற்பனை ரூ.2 கோடியாக இருந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

"பங்கு வாங்குவது கூடுமா சார்?" என்று இஸ்லாமிய மாணவர் கேட்கக்கூடும். மார்க்கத் தீர்ப்பு சொல்வது ஆசிரியர் பணியன்று. பங்குச் சந்தை முழுவதும் சூதாட்டம் என்றோ, முழுவதும் குற்றமற்றது என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாமல், நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே நம் பணி. அந்தத் திறன் எல்லா மாணவருக்கும் பயன்படும்.