சிறுகோளா, வால்நட்சத்திரமா, விண்கல்லா?

சூரிய மண்டலத்தின் சின்னஞ்சிறு உறுப்பினர்களைப் பிரித்தறியப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம் தெரிந்தது? ஓரிரு நொடியில் கோடு கிழித்து மறைந்தால் எரிநட்சத்திரம். மணல் அளவுத் துகள்கூட நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் பாய்ந்து, சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒளிரும். ஒரே சீராகச் சில நிமிடங்கள் ஊர்ந்து போவது செயற்கைக்கோள்.

இரவுக்கு இரவு விண்மீன்களிடையே கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறினால் பைனாகுலரை எடுக்க வேண்டும். விளிம்பு மங்கி, புகைபோல் படர்ந்திருந்தால் வால்நட்சத்திரம். 2020 ஜூலையில் வந்த நியோவைஸ் அப்படித்தான் தெரிந்தது. வால் எப்போதும் பின்னால்தான் நீளும் என்று நினைக்க வேண்டாம். சூரியக் காற்று தள்ளுவதால் வாயு வால் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னே போகும்.

வெறும் புள்ளியாகவே இருந்தால் சிறுகோளாக இருக்கலாம். பழக ஏற்றது வெஸ்டா. பூமியை நெருங்கி வரும் மாதங்களில் பைனாகுலரிலேயே அகப்படும். ஸ்டெல்லேரியம் செயலியில் அது இருக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டு, அங்குள்ள புள்ளிகளைத் தாளில் குறித்து, இரண்டு மூன்று இரவு கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடம் மாறிய புள்ளிதான் வெஸ்டா. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளையும் காட்டிக்கொடுத்தது அதன் நகர்வுதான். கணித மேதையின் நினைவாக அதற்கு ‘4130 ராமானுஜன்’ என்று பெயர்.

தோற்றம் மட்டும் போதாத இடமும் உண்டு. 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் பார்வைக்குப் பாறைதான். ஆனால் டிசம்பரில் ஜெமினிட் எரிநட்சத்திர மழை பொழிவது அது விட்டுச்சென்ற துகள்களால். அத்தகைய மழைக்குப் பெரும்பாலும் வால்நட்சத்திரங்களே மூலம்.

இனி, தரையில் கிடைத்த கல். எரியாமல் எஞ்சித் தரையை எட்டியதுதான் விண்கல். அதிகம் ஏமாற்றுவது இரும்பாலைக் கசடு. உடைத்தால் உள்ளே குமிழ் ஓட்டைகள் நிறைந்திருக்கும். விண்கல்லில் அப்படிப் பெரும்பாலும் இருக்காது. புதிதாக விழுந்ததன் மேல் மெல்லிய கரிய தோல் படிந்திருக்கும். சிலவற்றில் பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுந்தியதுபோல் குழிகள் தெரியும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். இரும்பு இருக்கிறதா என்று பார்க்கத் திசைகாட்டி முள் அசைகிறதா என்று கவனித்தால் போதும். வலுவான காந்தத்தைத் தேய்த்தால் கல்லில் பதிந்த பழைய காந்தத் தடயம் அழிந்துவிடும்.

பிறகு டைல்ஸின் பளபளப்பில்லாத பின்புறத்தில் உரசிப் பார்க்கலாம். சிவப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்பு என்றால் மேக்னடைட். இரண்டும் நம் பூமியில் சாதாரணமாகக் கிடைக்கும் இரும்புத் தாதுக்கள். கோடே விழாவிட்டால் கல்லைக் கழுவாமல் அலுமினியத் தாளில் சுற்றி வைத்து, கிடந்த இடத்தையும் படமெடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம்.